நாச்சியை யாரும் தேடவில்லை

அந்த ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடும்மா. தூசிக்காகச் சொல்லவில்லை, காற்றுதான். ஆடி மாதம் இந்தப் பாதையில் வந்தால் இப்படித்தான், ஜன்னல் பலகை அடித்துக்கொண்டே வரும். இறங்க மாட்டேன் என்கிறதா? சரி, விடு. ரயில்வே ஜன்னல், நம் பேச்சைக் கேட்காது.

செங்கோட்டையிலிருந்தே வருகிறாயா? கடையநல்லூரா! நானும் அங்கேதான் ஏறினேன். ஊரில் எங்கள் பழைய வீட்டை ஒருவர் வாங்கக் கேட்டார், காட்டிவிட்டுத் திரும்புகிறேன். ராஜபாளையத்தில் இறங்க வேண்டும். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். உன் பெயர் என்ன? நஸ்ரின். எம்.ஏ. தமிழா? புத்தகத்தைப் பார்த்ததுமே நினைத்தேன். ‘எட்டாம் மடை’யை ஆசைப்பட்டு யாரும் ரயிலில் எடுத்துக்கொண்டு வர மாட்டார்கள்.

புதிதாக அச்சுப் போட்டிருக்கிறார்களா? தெரியாதே. இவ்வளவு தடியாகவா இருக்கிறது? எங்கள் வீட்டில் இருந்தது இவ்வளவு தடி இல்லை.

எந்த இடத்தில் இருக்கிறாய்? மூத்தவன் கல்யாணமா? அப்படியானால் நாச்சி இன்னும் வரவில்லை. வருவாள். செமினார் எப்போது? நாளைக்கே மதுரையில் கட்டுரை வாசிக்க வேண்டுமா? நாளைக்கு வாசிக்க வேண்டியதற்கு இன்றைக்குக் கல்யாணத்தில் இருக்கிறாய். நன்றாக இருக்கிறது.

புரியவில்லை என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எனக்கும் புரியவில்லை. யார் பேசுகிறார்கள் என்று இதை எழுதிய மனிதர் சொல்லவே மாட்டார். ஒரு வாக்கியம் குளத்தங்கரையில் ஆரம்பித்து, கோர்ட்டுப் படி ஏறி, பாட்டன் காலத்துச் சண்டையில் போய் முடியும். அத்தியாயத்துக்குப் பெயரும் கிடையாது, எண்ணும் கிடையாது. முதல் தடவை நடுவில் வைத்துவிட்டேன். இரண்டாம் தடவையும் வைத்துவிட்டேன். பிறகு ஒரு காகிதத்தில் குளத்தைப் படம் போட்டு, எட்டு மடையையும் குறித்து, எந்த மடைத் தண்ணீர் எந்த வீட்டுக்காரனுக்கு என்று எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் வழி கிடைத்தது. நீயும் அப்படிச் செய்து பார்.

நான் எம்.ஃபில். செய்தது இந்த நாவலில்தான். செய்தேன் என்று சொல்லக் கூடாது. எழுதினேன். பட்டம் தரவில்லை. தந்திருந்தால் இந்நேரம் ஏதாவது கல்லூரியில் உன்னைப் போன்ற பெண்களை மிரட்டிக்கொண்டு இருந்திருப்பேன். தராததற்கு மூன்று பேர் காரணம். ஒன்று, என் நெறியாளர் தாணுலிங்கம் சார். இரண்டு, வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர். மூன்று, எங்கள் அம்மா. மற்ற இரண்டு பேரையும் மன்னித்துவிட்டேன். அம்மாவை முடியவில்லை. போன தையில் போய்ச் சேர்ந்துவிட்டாள், இன்னும் முடியவில்லை.

கேள். உனக்குச் செமினாருக்கு உதவினாலும் உதவும்.

இந்த நாவல் முதலில் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. அந்தக் காலத்தில் தொடர் படிக்கிற வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. தொடர் வரும் பக்கங்களை மட்டும் தனியே எடுத்துச் சேர்த்துத் தைத்து வைத்துக்கொள்வார்கள். காசு கொடுத்துப் புத்தகம் வாங்காதவர்களுக்கும் வீட்டில் நாவல் இருக்கும். கதைக்கு நடுவே தலைவலித் தைலமும் கோபால் பல்பொடியும் வரும், அது போகட்டும்.

எங்கள் வீட்டில் அதைச் செய்தது சித்தி. அம்மாவின் தங்கை, ஆவுடை என்று பெயர். புருஷன் வீட்டில் சரிப்படாமல் எங்களோடு வந்து இருந்தாள். அம்மா இலையும் தூளும் பரப்பிய சொளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவாள். சித்தி எதிரில் உட்கார்ந்து தொடரை வாசிப்பாள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், ஆனால் காது கூர்மை. வாசித்து முடித்ததும் சித்தி அந்தப் பக்கங்களின் ஓரத்தை ஒழுங்காக வெட்டி, பீடி கட்டுகிற சிவப்பு நூலால் பழைய பக்கங்களோடு சேர்த்துத் தைத்துவிடுவாள். மொத்தமாகச் சேரட்டும் என்று விடுகிற ஆள் இல்லை. அந்தந்த வாரம் அந்தந்த வாரமே. ஓரத்தை வெட்டியதில் தேதியும் போய்விட்டது, பக்க எண்ணும் போய்விட்டது.

பாதியில் தையல் மாறும். கோணிப்பை தைத்த மாதிரி இருக்கும். அது அம்மாவின் கை. சித்தி அப்போது இல்லை. பம்பாய்க்குப் போய்விட்டாள்.

பம்பாய்க்கு என்று அப்பா சொன்னார். அதற்கு மேல் எங்கள் வீட்டில் அவளைப் பற்றிப் பேச்சு கிடையாது. போட்டோ கிடையாது. கடிதம் வந்ததா என்று யாரும் கேட்டதில்லை. நான் அப்போது பள்ளிக்கூடத்திலேயே சேரவில்லை. அது வேறு விஷயம். நாவலுக்கு வருகிறேன்.

நாச்சி அந்தக் கதையில் வருகிற வீட்டின் இளைய மருமகள். நன்றாகச் சிரிப்பாள், நன்றாகச் சண்டை போடுவாள். அந்த வீட்டில் உயிரோடு இருக்கிற ஒரே ஆள் அவள்தான் என்று தோன்றும். ஒரு நாள் பேச்சு முற்றி, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே போகிறாள். குளத்துப் பக்கம். அந்த வாரம் அதோடு முடிகிறது. அடுத்த பக்கத்தைத் திருப்பினால், வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவள் புருஷனுக்கு வேறு இடத்தில் பெண் பார்க்கிறார்கள். நாச்சி என்ன ஆனாள், எங்கே போனாள், ஒருவரும் கேட்கவில்லை. கடைசிப் பக்கம் வரை அவள் பெயரே வரவில்லை.

அதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பயம் என்று சொல்ல முடியாது. தெரிந்த இடத்துக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. என்ன எழுத்து! மற்றவன் என்றால் ஒப்பாரி வைத்திருப்பான், குளத்தில் பிணத்தை மிதக்கவிட்டிருப்பான். இவர் ஒன்றும் சொல்லாமல் சோற்றைப் பரிமாறுகிறார். இந்த நாவலைப் பற்றி எழுதியவர்கள் எல்லாம் நீர்ப்பங்கு, சாதி, வட்டார வழக்கு என்று எழுதியிருந்தார்கள். நாச்சியைப் பற்றி ஒரு வரி இல்லை. அதையே நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். பார், வாசகர்கள்கூட அவளைத் தேடவில்லை!

‘எட்டாம் மடையில் மறைதலும் மௌனமும்’ என்று தலைப்பு வைத்தேன். தாணுலிங்கம் சாருக்குத் தலைப்பு ரொம்பப் பிடித்துவிட்டது. “தொடரையே வெச்சு எழுதுறியா? மூலம்லா அது! அதுதான் கௌரவம்” என்றார். ஒவ்வோர் இயலிலும் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். அடிக்குறிப்பில் காற்புள்ளி விட்டுப்போனால் கண்டுபிடித்துவிடுவார். நாவலை அவர் படித்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

எழுதியதை ஒவ்வோர் இயலாக அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பா அதற்குள் இறந்துவிட்டார். அம்மா அதே இடத்தில் உட்கார்ந்து பீடி சுற்றுவாள், நான் எதிரில் உட்கார்ந்து வாசிப்பேன். கேட்கிறாளா இல்லையா என்றே தெரியாது. நாச்சியைப் பற்றிய இயல் வந்தபோது மட்டும் கை நின்றது.

“அப்ப அவ திரும்பி வரவே இல்லன்னா எழுதியிருக்க?”

“ஆமா. அவளும் வரல, யாரும் தேடவும் இல்ல.”

“வரல.”

“வரலம்மா. அதைத்தான பக்கம் பக்கமா எழுதியிருக்கேன்.”

சொளகில் இருந்த இலையை ஒதுக்கிவைத்தாள். அப்புறம், “சரிட்டி. அப்படியே இருக்கட்டும். அது நல்லது” என்றாள். எது நல்லது? ஒரு பெண் போய் அழிந்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறேன், நல்லதாம். படிக்காதவர்களுக்கு வாசித்துக் காட்டினால் இதுதான்.

வாய்மொழித் தேர்வு நாள். எங்கள் துறையில் அது ஒரு கல்யாணம் மாதிரி. கேசரியும் காராபூந்தியும் வாங்கி வைக்க வேண்டும். துறையிலிருக்கிற எல்லோரும் வந்து உட்காருவார்கள். தேர்வாளர் ஞானசிகாமணி, கட்டைக் குரல், வெற்றிலை போடுகிறவர். என் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

“எல்லாம் சரிதான். நாச்சி போன பிறகு வர்ற மூணு அத்தியாயத்தையும் ஏம்மா தொடவே இல்ல?”

“எந்த மூணு சார்?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் விளையாடுகிறேன் என்று அவர் முதலில் நினைத்தார். பையிலிருந்து தன்னுடைய புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். தடியான புத்தகம். 

“நீங்க எந்தப் பதிப்பு படிச்சீங்க?”

“தொடரையே படிச்சேன் சார். மூலம்.”

“மூலத்துல மூணு வாரத்தை எலி தின்னுட்டுதா?”

எல்லோரும் சிரித்தார்கள். தாணுலிங்கம் சாரும் சிரித்தார், நஸ்ரின். அதை மறக்கக் கூடாது. கேசரிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

ஞானசிகாமணி கெட்டவர் இல்லை. குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். “ஏம்மா, ஒரு வீட்டுல ஒரு பொம்பள காணாமப் போறா. மறுநாள் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசாம சோறு திங்கிறாங்க. அப்படி ஒரு வீடு இருக்குமா? படிக்கும்போதே எங்கயோ பக்கம் விட்டுப்போயிருக்குன்னு உங்களுக்குச் சந்தேகம் வர வேண்டாமா?”

வரவில்லை. எனக்கு ஏன் வர வேண்டும்? வீடு என்றால் அப்படித்தானே இருக்கும்? இன்றைக்கும் எனக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. நீயே சொல், உங்கள் வீட்டில் எல்லாவற்றையும் எல்லோரும் பேசிக்கொண்டேவா இருக்கிறீர்கள்?

“அந்த மூணுல என்ன வருதுன்னா...” என்று ஆரம்பித்தார்.

“வேண்டாம் சார்.”

“என்ன வேண்டாம்?”

“சொல்ல வேண்டாம் சார்.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு, அந்த மூன்றையும் படித்து ஓர் இயலை மட்டும் திருத்தி எழுதிக் கொடுத்தால் போதும், பட்டத்துக்குத் தாம் பொறுப்பு என்றார். புத்தகம் மதுரையில் எந்த நூலகத்தில் கிடைக்கும் என்றுகூடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அந்தத் தைத்த நாவலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். சித்தியின் தையல் முடிகிற இடத்தில், கிழித்த காகிதத்தின் அடி மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. சிவப்பு நூல் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. எலி இல்லை. கையால் கிழித்தது. அதுவும் சித்தி வாசித்துத் தைத்து வைத்த பிறகு.

“ஏம்மா கிழிச்ச?”

“அடுப்புப் பத்த வெக்கக் கிழிச்சிருப்பேன்.”

“இவ்வளவு தடியில அந்த மூணு வாரம்தான் கிடைச்சுதா உன் அடுப்புக்கு?”

பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன். என் படிப்பு போச்சு, வேலை போச்சு, ஊரே சிரித்தது என்று கத்தினேன். கடைசியில் தலையைத் தூக்காமலே சொன்னாள்: “நீ எழுதினதுதாம்ட்டி சரி. அதை மாத்தாத.”

இவளா எனக்கு நெறியாளர்? எழுத்துக் கூட்டுகிறவள்!

மதுரைக்குப் போனேனா என்று கேட்கிறாய். போனேன். புத்தகம் கிடைத்தது. மேசையில் வைத்து, நாச்சி குடத்தை எடுக்கிற பக்கத்தைக் கண்டுபிடித்தேன். திருப்ப வேண்டியதுதான். அந்த நூலகத்தில் ஒரு ஜன்னல் கதவுக்குக் கொக்கி இல்லை. காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. தட், தட் என்று. எப்படிம்மா படிப்பது? அங்கே வேலை பார்க்கிறவரிடம் சொன்னேன், “ஆடி முடிஞ்சா நின்னுரும்” என்றார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு கொக்கி போடத் துப்பில்லாத நூலகம். அதனால்தான் போயிற்று என் பட்டம்.

காற்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. எங்கள் வீட்டுப் பின்கதவு அப்படி அடித்துக்கொள்ளும். ஒரு மத்தியானம் நன்றாக நினைவிருக்கிறது. சித்தியின் புருஷன் வீட்டார் அவளைக் கூட்டிப்போக வந்திருந்தார்கள். அவளைக் காணோம் என்று திட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அப்பா முன்கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். “வாசல் தாண்டினவளுக்கு இனி இந்த வீட்டுல வேலை இல்ல. எவளாவது எந்திரிச்சீங்கன்னா பாத்துக்கங்க” என்றார். அப்பா கண்டிப்பானவர், ஆனால் நல்லவர். நானும் அம்மாவும் பின்கட்டில் படுத்திருந்தோம். கதவு தட்டுகிற மாதிரி இருந்தது. நான் எழுந்து உட்கார்ந்து, “யாரும்மா?” என்றேன்.

“காத்து. படு” என்றாள் அம்மா.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். புகையிலை வாடை அடிக்கிற கை. இறுக்கிப் பிடித்ததில் எனக்கு வலித்தது. ரொம்ப நேரம் அடித்தது அந்தக் கதவு. ஆடிக் காற்று அப்படித்தான். நிற்கிற மாதிரி நிற்கும், மறுபடி வரும். ஆவணியில் அப்பா அந்தக் கதவைக் கழற்றிவிட்டுச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். காற்று அதிகமாக இருக்கிறது என்றார்.

இன்றைக்கு வீடு பார்க்க வந்தவரும் அதைத்தான் கேட்டார். “பின்பக்கம் வழியே இல்லியே, ஏன் அடைச்சீங்க?” என்றார். காற்றுக்காக என்றேன். அந்த மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். காற்றுக்காக யாராவது சுவர் எழுப்புவார்களா என்று நினைத்திருப்பார். வெளியூர்க்காரர், எங்கள் ஊர்க் காற்று அவருக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டில் மாரியம்மை என்று ஒருத்தி இருக்கிறாள். அம்மாவைக் கிடத்தியிருந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, “ஆவுடையக் கொளத்துலருந்து தூக்கியாந்தப்பவும் இந்த எடத்துலதான் போட்டோம்” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். வயதாகிவிட்டது, புத்தி தடுமாறிவிட்டது. சித்தி பம்பாய்க்குப் போனவள். நான் மறுத்துப் பேசவில்லை. சாவு வீட்டில் எதற்குப் பேச்சு?

சங்கரன்கோவில் எப்போதோ போய்விட்டதே. பேசிக்கொண்டே வந்ததில் தெரியவில்லை.

நஸ்ரின், ஒன்று செய்கிறாயா? அந்த இடத்தை எடு. நாச்சி குடத்தோடு பின்கதவு வழியாகப் போகிற இடம். கல்யாணத்தை விடு, அதை நாளைக்குக் காலையில் படித்துக்கொள்ளலாம். இன்னும் தள்ளு. இன்னும் கொஞ்சம். ‘குடத்தை’ என்று ஆரம்பிக்கும். அதுதான். அதற்கு அடுத்தது.

நீ படி. என் கண்ணாடி பையில் எங்கேயோ கிடக்கிறது. மெதுவாகப் படி, வண்டிச் சத்தத்தில் கேட்காது.

“வெயில் தாழ்வதற்கு முன்பே அவள் திரும்பி வந்தாள். குடம் வெறுங்குடமாக இருந்தது. பின்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவள் முதலில் விரலால் தட்டினாள், பிறகு கையால் தட்டினாள். உள்ளே படுத்திருந்த குழந்தை எழுந்து உட்கார்ந்தது.”

நிறுத்தாதே.

“‘யாரு?’ என்றது. மூத்தவள் கதவைப் பார்த்தாள். முன்கூடத்தில் நாற்காலி அசைகிற சத்தம் கேட்டது. ‘காத்து. படு’ என்றாள்.”

என்ன?

அதை மறுபடி படி.

இல்லை. அது தப்பு. அது எங்கள் அம்மா சொன்னது. எங்கள் வீட்டில், எனக்குச் சொன்னது. அவள்தான் படிக்கத் தெரியாதவளாயிற்றே, இதை அவள் எங்கே... காதால்தான் கேட்டிருப்பாள். சித்தி வாசிக்கக் கேட்டிருப்பாள். சித்தியே வாசித்து, அவளே தைத்து, அப்புறம் அவளே வெளியே நின்று...

இரு. எனக்கு ஒன்றும் இல்லை. தண்ணீர் வேண்டாம்.

அந்தக் குழந்தை என்ன செய்தது? எழுதியிருக்கிறாரா பார். மேலே படிக்க வேண்டாம், நாச்சியை விடு, குழந்தையை மட்டும் பார். எழுந்து போய்த் தாழைத் தொட்டதா, எட்டவில்லையா, அழுததா, என்ன செய்தது? அடுத்த பக்கத்திலும் பார். இதற்கு அடுத்த அத்தியாயத்திலும் பார், அவசரம் இல்லை, நன்றாகத் தேடு.

ஒரு வரி கூடவா இல்லை?

ராஜபாளையம்தான், தெரிகிறது. வண்டி நிற்கட்டும். நான் அடுத்ததில் இறங்கிக்கொள்கிறேன். நீ அந்த ஜன்னலை மட்டும் எப்படியாவது இறக்கிவிடும்மா.

காற்று.